பறவை இருந்த பாதி

பிரிக்பீல்ட்ஸில் நான் கல்யாணக் கார்டு வடிவமைக்கும் அச்சகத்தில், என் கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில், கண்ணாடி உடைந்த சட்டத்தோடு வாங்கியது. ஐரோப்பாவில் முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்தில், செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி அச்சிட்ட அலங்காரம். ஆளும் இல்லை, ஊரும் இல்லை. சுருண்டு சுருண்டு போகும் இலைக்கொடி மட்டும். கடைக்கு வருகிறவர்கள், "கோயில் தூண்ல இருக்கிற கொடிதானே அண்ணே?" என்பார்கள். அப்படியும் சொல்லலாம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சாம்பல் நிறமே கிடையாது. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகள் நெருங்குகின்றன. வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலகுகின்றன. ஒவ்வொரு கோடும் மயிரிழையாகத் தொடங்கி, இலையின் நடுவில் தடித்து, நுனியில் மறுபடி இளைக்கிறது. மவுஸை இழுத்துக் கோடு போடும் எனக்கு அந்தக் கையை நினைத்தால் பொறாமைதான்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாள் உறுத்தியது. இரண்டு பாதிகளும் ஒத்துப்போகவில்லை. இடப்பக்கம் கொடிக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் அதே இடத்தில் பழக்குலை தொங்குகிறது. இவ்வளவு தெரிந்த ஆளுக்கு இதுகூடவா தெரியாது என்று திட்டியிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் எங்கள் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்களும் ஒரே தாளில் பாதிக்கு ஒரு பார்டர், மறுபாதிக்கு வேறு பார்டர் போட்டுத்தான் காட்டுவோம். வாடிக்கையாளர் பிடித்த பாதியைச் சொன்னால், அதையே மறுபக்கமும் திருப்பிப் போட்டுக் கொடுப்போம். அந்த மனுஷரும் அதைத்தான் செய்திருக்கிறார். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அடித்துக் கொடுத்துவிட்டு, என் ஒரே பிள்ளைக்கு அடிக்கப்போகும் கார்டு. எல்லாரும் கேட்கும் தங்க மயில் வேண்டாம், இந்தக் கொடிதான் என்று முடிவு செய்தேன். முன்பே வரைந்து கம்ப்யூட்டரில் வைத்திருந்த பறவைப் பாதியை எடுத்தேன். கல்யாணக் கார்டுக்குக் கறுப்பு மை ஆகாது. அது கருமாதிக் கார்டுக்கு. அதனால் அரக்குச் சிவப்புக்கு மாற்றி, ஒரு பிரதி எடுத்து வைத்தேன்.

ரவாங்கில் வேலை பார்க்கும் மகள் சனிக்கிழமை ரயிலில் வந்தாள். கார்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் பெருமையாக லென்ஸை நீட்டினேன்.

"அந்தப் பறவையோட றெக்கையைப் பாரும்மா."

"பார்த்தேன்பா. அம்மா கார்டுல இருந்த பறவைதானே இது?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, என் மனைவியின் கருமாதிக் கார்டை இதே நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் செய்தேன். இருப்பதிலேயே அழகானதை அவளுக்குப் போடவேண்டும் என்று வரைந்ததுதான் அந்தப் பாதி. இப்போது அதன் நிறத்தை மாற்றிவிட்டு எல்லாம் சரி என்று இருந்திருக்கிறேன். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இளைக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"வேற போட்டுடலாம்மா. மயிலே போட்டுடலாம்" என்றேன்.

"மயில்லாம் வேணாம் லா."

அவள் சுவரிலிருந்து படத்தை இறக்கி மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழக்குலைமேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கத்த யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இத எனக்குப் போடுங்க. பறவைய அம்மாவே வச்சுக்கட்டும்."