எஞ்சின் புத்தகத்தில் நான் விட்ட வரி

இன்டர்மீடியட் முதல் வருஷ விடுமுறையில், பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு ஜெர்மன்-இங்கிலீஷ் அகராதி வாங்கி வந்தேன். ஒரே வாரத்தில் சங்கரன்கோவில் முழுக்க எனக்கு ஜெர்மன் தெரியும் என்று ஆகிவிட்டது. மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அடுத்த தோட்டத்து அண்ணாச்சி, கமலை இறைத்த மாடுகளை விற்றுவிட்டு, மூடிப்போன ஆலையொன்றிலிருந்து ஜெர்மன் ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தார். நாலு நாளாகக் கைப்பிடியைச் சுற்றுகிறார். உறுமுகிறதே தவிர ஓடவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்க, மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிவிட்டன. எஞ்சினோடு வந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பழைய ஜெர்மன் அச்சில் எஃப்பும் எஸ்ஸும் ஒரே முகம். அரை வரி நீளச் சொற்கள் அகராதியில் இல்லை. துண்டு துண்டாக வெட்டித் தேடினேன். துண்டுக்கு ஐந்தாறு இங்கிலீஷ் அர்த்தம். எதை எதோடு சேர்ப்பது? ஓரிடத்தில் ‘புகையும் காகிதம்’ என்று வந்தது. அதை எஞ்சின் தலைக்குள் திருகி வைக்க வேண்டுமாம். இரும்புக்குள் காகிதமா? நான்தான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று அந்த வரியையும் விட்டுவிட்டு, புரிந்ததை மட்டும் சொன்னேன்.

சொன்னபடி செய்தார். ஓடவில்லை.

“ஏலே, ஒண்ணும் விடாமத்தான வாசிச்ச?”

“இவன் முழிக்கிற முழியே சரியில்லயே” என்றாள் அவர் மனைவி.

“பேப்பரக் கொளுத்தி உள்ள வைக்கணும்னு போட்டிருக்கு, மதினி. தப்பா இருக்கும்னு...”

அண்ணாச்சி சிரித்தார். “அதுக்கு பீடி ஒண்ணும் குடுக்கணுமாலே?”

மதினி சிரிக்கவில்லை. “என்ன பேப்பரு?”

“சால்ட்பீட்டர்ல நனைச்சது. பொட்டாசியம் நைட்ரேட்டு.”

“எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு.”

“வெடியுப்பு.”

“எங்க அய்யா வீட்ல வெடித்திரிக்குப் போடுவாவ! தீ எரியாது, நெருப்புக் கங்கா கனிஞ்சு உள்ளயே போகும். போய் வாங்கிட்டு வாலே.”

நாட்டுமருந்துக் கடைக்கு ஓடினேன். காகிதத்தை மதினியே நனைத்து, வெயிலில் காயவைத்து, சுருட்டிக் கொடுத்தாள். நுனி கனன்றதும் அண்ணாச்சி உள்ளே திருகிக் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் இருமியது, பிறகு நிற்கவே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

சத்தத்துக்கு மேலே அண்ணாச்சி கத்தினார்: “இன்னும் எத்தன வரி விட்டிருக்க?”

புரட்டி எண்ணினேன். பதினொன்று. ஒன்றுக்கும் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. மதினியைப் பார்த்தபடி முதல் வரியை வாசித்தேன்.