சுவரில் கன்னம் வைத்தவர்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குச் சுவர் பூச வந்த மேசனுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை தோல் சுண்ணாம்பால் வெடித்திருந்தது.

என் மகளுக்கு முட்டு வருத்தம்; இரவில் மூச்சு இழுக்கும். அவளுடைய அறையின் சீமெந்துப் பூச்சில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொன்னவர் அவர்தான்.

"சுண்ணாம்பு ஈரத்தைக் குடிச்சு வெளியில விடும், தங்கச்சி. பிள்ளைக்கு மூச்சு லேசா இருக்கும்."

பூசி முடித்த பிறகும் ஒவ்வொரு காலையும் வந்து, சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள், அண்ணை. பிள்ளையை அறைக்குள்ள விடட்டோ?" என்று கேட்டேன்.

"சுவர் இன்னும் குளிருது, ஈரம் போகேல்லை. விடாதேங்கோ."

"இந்த நாள் தப்பினால் அடுத்த நல்ல நாளுக்கு மாதக் கணக்காகும்."

அவர் கன்னத்தை எடுக்கவில்லை.

"நானும் நாள்தான் பார்த்தனான். தறப்பாள் கொட்டிலுக்க கிடந்தது போதுமெண்டு, பூச்சுக் காய முன்னமே புது வீட்டுக்குக் குடிபூந்தனாங்கள். ஈரச் சுவரோடதான் மகள் படுத்தவள். அவளுக்கும் முட்டுத்தான். அந்த மாரி முடியேக்க அவள் இல்லை."

நான் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டேன்.

சுவர் காய்ந்தது, மகளும் இப்போது இழுப்பில்லாமல் தூங்குகிறாள். அவர் போன பின் ஒருநாள் நானும் அந்தச் சுவரில் கன்னம் வைத்துப் பார்த்தேன். ஈரம் இருக்கிறதா என்று அறிய ஒரு கணம் போதும்.

அவர் ஒவ்வொரு நாளும் வெகுநேரம் நின்றார்.