ஏழு மணி நேர டெல்லி

மலையில் இருக்கும் நாங்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டோம். கொட்டச்சேட்டிலிருந்து சேலம் எவ்வளவு என்று கேட்டால், பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்றுதான் பதில் வரும். தப்பித்தவறி வரைபடத்தைப் பார்த்தால், அது காட்டுவதை இரண்டரையால் பெருக்கிக்கொள்வோம். வளைவுகளுக்கு இரண்டு, எதிரே வரும் லாரிக்கு அரை.

கல்யாணமாகி ரயிலேறி டெல்லிக்குப் போன என் அக்கா, பன்னிரண்டு வருடமாக, வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்று எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் ரயில் என் முதுகுக்கு ஆகாது. விமானத்துக்கு எவ்வளவு நேரமாகும்? அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் யாரையாவது கேட்பானா? அட்லஸில் பெங்களூருக்கும் டெல்லிக்கும் நடுவே நூல் பிடித்தேன். சுமார் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர். வழக்கப்படி இரண்டரையால் பெருக்கி, பழைய புத்தகத்தில் கண்ட விமான வேகமான மணிக்கு அறுநூறால் வகுத்தேன். ஏழு மணி நேரம். 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று வருடா வருடம் பதில் போட்டேன்.

செல்போன் வராத காலம். ஒருநாள் காலை, போன் வந்திருப்பதாக எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். அக்காதான்.

"நாளைக்கு மூணு மணிக்கு நெஞ்சுல ஆபரேசன் கண்ணு. அதுக்கு முன்னால உன் மொகத்தப் பாத்துட்டா தேவல."

"ஏழு மணி நேரம் பறக்கணுமேக்கா. பெங்களூர் வேற போய்ச் சேரணும். முடிஞ்சதும் வந்தர்றேன்."

"நொம்பத் தூரந்தான். செரி சாமி."

போனை வைத்தேன். ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டரம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், டெல்லிக்கு ஏழு மணி நேரமுங்களா? எங்க மொதலாளி ரெண்டே முக்கா மணியில போய் எறங்கிர்றாருங்க. டிக்கெட்டு நாந்தான சொல்லி வெக்கிறேன்."

"வளைவெல்லாம் சேர்த்தா?"

"ஆகாசத்துல ஏதுங்க வளைவு?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டே முக்கால். சேலத்துக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பவே எனக்கு அதைவிட அதிகமாகும். ரைட்டரம்மாவே ஏஜெண்டுக்குப் போன் போட்டு, மறுநாள் காலை விமானத்தில் இடம் வாங்கித் தந்தார்.

அன்றே பஸ் பிடித்துப் பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது தாமதமாகித் தொலையாதா, கொஞ்சமாவது என் மானம் மிஞ்சாதா என்று. சொன்ன நேரத்துக்கு இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா சாமி! ஏழு மணி நேரம் உக்காந்து காலு வீங்கிப் போயிருக்குமே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டே முக்காதான்க்கா," என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கதவுக்குள் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்த பிறகு டாக்டரிடம் பேசினாள், நர்சிடம் பேசினாள். என்னிடம் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மயக்க மருந்து சிலருக்கு அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார்.