தட்டினால் வரும் நாய்

குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

களிமண் மூட்டை ஏற்றி வந்த வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே அது தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. "இது உங்க லோடு கணக்குல இல்லீங்களே" என்று டிரைவர் சிரித்தபடி இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று படுத்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவருக்குப் பார்த்ததுமே தலைவலி வந்துவிட்டது.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. விருத்தாசலத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு பீங்கான் டீ கப், தட்டு செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். சூளையில் வேகாத பச்சைச் சரக்கு பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருக்கும். விரல் பட்டாலே நசுங்கிவிடும். வந்த அன்றே குட்டி அந்தப் பலகைக்குக் கீழே புகுந்து, ஈரக் களிமண்ணை நக்கி, மூக்கு முழுக்க விபூதி பூசியது போல வெளியே வந்தது. மறுநாள் அது போனதெல்லாம் சாக்பீஸ்.

"பேர் வெச்சா பாசம் வந்துரும், அப்புறம் அனுப்ப முடியாது" என்றார். "இங்க பக்கத்துல மங்களூர்ல எங்க அக்கா மக்காச்சோளக் காட்டுக்கு ஒரு நாய் கேட்டுக்கிட்டு இருக்குது. மாசக் கடைசியில வராங்க. குடுத்து அனுப்பிருவோம்."

"நான் பழக்கிட்டன்னா?"

"கூப்பிட்டதும் சரக்க வுட்டுட்டு ஓடியாந்துச்சுன்னா இருக்கட்டும். வரலன்னா பஸ்ஸு ஏறிட வேண்டியதுதான்."

சரி என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பேரே இல்லாத நாயை எப்படிக் கூப்பிடுவது? "இந்தா" என்றேன், அது கொட்டாவி விட்டது. "ச்சூ ச்சூ" என்றேன், என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. "ஏய்" என்று ஓங்கிக் கத்தினேன். கொட்டகையிலிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

கடைசியில் அதற்குப் பால் ஊற்றும் கப்பை எடுத்து விரல் முட்டியால் தட்டினேன். டிங்! நாலு கால் பாய்ச்சலில் வந்து காலடியில் உட்கார்ந்தது. ஒரு பிஸ்கட் கொடுத்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது. இரண்டே நாளில் எந்த மூலையில் இருந்தாலும் டிங் என்றால் ஆஜர். நான் தெருவெல்லாம் பெருமை அடித்தேன்.

எந்த ஊரில் இருந்துகொண்டு எதைச் செய்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தட்டுவார்கள். சூளையிலிருந்து எடுத்த ஒவ்வொரு கப்பையும் தட்டித்தான் பார்க்க வேண்டும். டிங் என்றால் நல்ல சரக்கு. டொக் என்றால் உள்ளே விரிசல். இது தொழிலோடு நிற்காமல் வியாதியாகவே ஆகிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்து முடித்ததும் கப்பைத் தட்டிப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் காப்பி கேட்கிறார் என்று நினைத்து அம்மா சொம்போடு ஓடி வந்தாள்.

அந்த வாரம் அவர் சூளையைப் பிரித்து, சரக்கைத் தட்டிப் பார்க்க உட்கார்ந்தார். டிங். குட்டி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. டிங். எழுந்து மறுபடி உட்கார்ந்தது. பிஸ்கட் வரவில்லை என்றதும் அவரைப் பார்த்துக் குரைத்தது. "யோவ், என்னா வெளாட்டு இது?" என்பது போல இருந்தது அந்தக் குரைப்பு. எதிர் வீட்டில் டிங் கேட்டது, அங்கே ஓடியது. பக்கத்து வீட்டில் டிங், அங்கே ஓடியது. அதன் மரியாதையைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் போட்டார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது வயிறு தரையில் உரசியது. வேறு சத்தத்துக்குப் பழக்கலாம் என்று கை தட்டினேன், விசில் அடிக்கப் பார்த்து எச்சில்தான் தெறித்தது. எதற்கும் மசியவில்லை.

மாசக் கடைசியில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, வந்து இறங்கினார். ஒயர் கூடையும் கையுமாகத்தான் வந்தார். நான் வாசலில் நின்று, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, கப்பைத் தட்டினேன். குட்டி கிளம்பியது, பாதி தூரம் வந்தது. அதே நேரம் எதிர் வீட்டில் சூளை பிரித்து டிங் டிங் டிங் என்று ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று சுற்றியது. என்னைப் பார்த்தது, பிறகு எதிர் வீட்டுக்குப் போய்விட்டது.

"சரிதாம்மா, நீயும் பழக்கிப் பாத்துட்ட" என்று அண்ணி குட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது, ஒரு காது நிமிர்ந்து. நான் அழுதேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கையில் வெங்காயம்கூட இல்லை.

அவர் சரக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் கப்பைத் தட்டினார். டிங். தட்டிவிட்டு வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. இரண்டாவது கப்பை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, தட்டாமல் கூடையில் வைத்தார். கல்யாணம் ஆன நாளாக அவர் ஒரு கப்பையும் தட்டாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது. அண்ணியின் குரல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "டேய் தம்பி, பஸ்ஸு ஸ்டாண்டுல டீக்கட மாஸ்டரு கிளாஸ்ல கரண்டிய வுட்டு கலக்குனாரு பாரு, ஒன் நாயி கூடய வுட்டு குதிச்சு அங்க போயி ஒக்காந்துடுச்சுடா! நூறு டீ போடுறாரு, நூறு தடவ எழுந்து எழுந்து ஒக்காருது. இழுத்தாலும் வரல. பஸ்ஸு போயிடுச்சு!"

அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. போகிற போக்கில் ஒரு கப்பை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மொபெட்டை உதைத்தார்.

திரும்பி வரும்போது அவருக்கு முன்னால் குட்டி நின்றுகொண்டு வந்தது. வாயெல்லாம் பன் துகள். பின்னாலேயே ஆட்டோவில் அண்ணி.

"எனக்கு வேணான்டா இந்த நாயி" என்றார் இறங்கும்போதே. "சோளக்காட்டுல யாருடா கப்பு தட்டிக்கிட்டு ஒக்காருவா?"

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "யாரு தட்டுனாலும் சரக்க வுட்டுட்டு ஓடிருதுல்ல. நான் சொன்னதும் அதானே."

அவர் சொன்னது அது இல்லை. சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டாமல் வைத்த அந்த இரண்டாவது கப்பை எடுத்துத் தட்டினார். டிங். குட்டி ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டு, என்னிடம் கேட்டார்.

"என்னா பேரு வெக்கலாம்?"

இந்தத் தடவையும் என் கையில் வெங்காயம் இல்லை.