குதிகாலைப் பிடித்தவன்

டயர் கடைக்காரர் இரட்டைப் பிள்ளைகளில் இளையவர். எட்டே நிமிடம் முந்திப் பிறந்த புண்ணியத்தில் மற்றவர் அண்ணனாகிவிட்டார். அந்த அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு, கோயிலில் பைபிள் பாடம் வாசிப்பது இவருடைய முறை. ஓசியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு பகுதி. முந்தின நாள் மதியம், கடையில் ஆள் ஓய்ந்ததும், கைக் கறையைக் கழுவிவிட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். இஸ்ரவேல் ஜனங்களின் முன்னோரான, இரட்டை அண்ணனை ஏமாற்றிய யாக்கோபின் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னோர் என்றால் மெச்சித்தானே எழுதியிருப்பார்கள்? தீர்க்கதரிசியோ முன்னோரைக் கூண்டில் ஏற்றியிருந்தார். 'உங்கள் தகப்பனின் புத்திதான் உங்களுக்கும்' என்று ஜனங்களைச் சாடுவதுபோல, தாய் வயிற்றிலேயே அண்ணனின் குதிகாலைப் பிடித்தவனின் கதையைத் தோண்டி எடுத்திருந்தார். அதே யாக்கோபு பின்னாளில் தேவதூதனிடம் அழுது கெஞ்சியதையும் கூடவே சொல்லியிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி.

"தொண்டை கட்டுது."

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பதினோரு வருடம் முன்பு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பெரியவன் எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இவர் தகவலே சொல்லவில்லை. அப்பா எப்போதும் பெரியவனைத்தான் கொண்டாடுவார். கடைசி நாலு நாளாவது எனக்கு மட்டும் என்று ஒரு வீம்பு. "வர முடியாதுன்னுட்டான்ப்பா" என்று வாய் கூசாமல் சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த பிறகே அண்ணன் வந்து சேர்ந்தார். தகவல் சொல்லாதது அவருக்குத் தெரியும்; பேச்சு நின்றது அதனால்தான். அந்தப் பொய் தெரியாது.

ஞாயிறன்று தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தார். நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார்.

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார். "அப்பா என்னைக் கேட்டாரா?"

"மூச்சுக்கு மூச்சு கேட்டாருண்ணே."

"நான் வர மாட்டேன்னு சொன்னதா நினைச்சே போயிட்டாரு."

"ஆமாண்ணே."

இவர் உடைந்து அழுதார். அண்ணன் தேற்றவில்லை, விரட்டவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப வராதுடா. உட்காரு. அந்த நாலு நாளும் அப்பா என்னென்ன பேசினாரு, ஒண்ணு விடாம சொல்லு."

சொல்லத் தொடங்கினார். கிரீச்சிட்ட கட்டிலை அப்பா திட்டிய திட்டைச் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றார்.