கழுத்து நிமிர்ந்த ஒட்டகச்சிவிங்கி

நஜீர் அகமதுவுக்கு நாற்பது வருடங்களாக ஒரே ஒரு மனக்குறை. தான் விற்கும் லுங்கியின் லேபிளில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து கோணல்.

கல்யாணமான புதிதில் ரஹிமுன்னிசாவோடு மைசூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனபோதுதான் அந்த மிருகத்தை முதன்முதலில் பார்த்தார். மனைவி அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். பொதட்டூர்பேட்டைத் தறிகளில் நெய்த லுங்கிக்கு மயில், கிளி, குதிரை என்று ஆளாளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஒட்டகச்சிவிங்கி என்றார். அச்சகத்துக்காரருக்கோ சதுரக் காகிதத்தில் அவ்வளவு நீளக் கழுத்துக்கு இடமில்லை. வளைத்துப் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுச் சங்கதியை எட்டிப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. அச்சடித்த லேபிள் தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒட்டினார். தீர்வதற்குள் சரக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற சரக்கில் கை வைக்க எந்த வியாபாரிக்குத் துணிச்சல் வரும்?

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து வரும் சனம் மொட்டை போட்டு, குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு நேராகத் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் இவர் கடைக்கு வரும். பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "மெட வங்கர" என்பார்கள். தெலுங்கில் கோணக் கழுத்து. லேபிளைப் பிய்த்து எறியாமல் பதமாக உரித்து, வீட்டு டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்த முறை வேறு ஆளை அனுப்பினால், பெட்டியைத் திறந்து காட்டி, இதையே வாங்கி வா என்று சொல்வதற்காக.

அப்பேர்ப்பட்ட கடையில் ஈ ஓட்டுகிற நாளும் வந்தது. லுங்கி கட்டுகிறவர்கள் குறையவில்லை, கடைக்கு வருகிறவர்கள்தான் குறைந்தார்கள். மகள் பர்ஹீன் போனிலேயே விற்கலாம் என்றாள்.

"செய். ஆனா கழுத்த நேராக்கிடு" என்றார் நஜீர்.

"அது அப்டியே இருக்கட்டுமேப்பா."

"நாப்பது வருசமா மானம் போவுது. நிமித்து."

நிமிர்த்தினாள். கம்பீரமாக நின்ற புது லேபிளைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஓடிப்போய் மனைவியிடம் காட்டினார். "யாரோ மாதிரி இருக்கு" என்றாள் ரஹிமுன்னிசா. இவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

ஆர்டர் வந்தது. போன வேகத்தில் பார்சலும் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்கள்: டூப்ளிகேட். மூன்று மாதம் இப்படியே போக, தறிக்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிடலாம், மார்க்கை மூடிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார் நஜீர்.

போன் செய்ய நினைத்திருந்த அன்று காலை, நகரி பஸ்ஸிலிருந்து கங்காதரன் இறங்கினார். தன் அப்பா காலத்திலிருந்து இங்கேதான் லுங்கி எடுப்பவர். ஒரு கையில் பார்சல். இன்னொரு கக்கத்தில், சத்தியமாக, ஒரு டிரங்குப் பெட்டியின் மூடி.

"பாய், உன் பேர்ல எவனோ டூப்ளிகேட் வுட்டுகினு கீறான். போலீசுக்குப் போ, நான் சாட்சிக்கு வரேன். லேபிள் பிச்சா வரல, அதான் மூடியவே கழட்டி எடுத்துகினு வந்துட்டேன்."

நஜீருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நைனா, அது நான்தான். துணி அதேதான், தறி அதேதான். கழுத்து கோணலா இருந்தது எனக்குப் புடிக்கல. மாத்திட்டேன்."

கங்காதரன் மூடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பா சாவும்போதுகூட இந்த மார்க் லுங்கியத்தான் கட்டிகினு இருந்தாரு. உனுக்கே புடிக்காததையா பாய் இத்தினி வருசமா எங்களுக்கு வித்துகினு இருந்த?"

நஜீர் மூடியை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். காகிதம் பழுத்திருந்தது. ஒட்டகச்சிவிங்கி பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. கையில் எடுக்கிறவனைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவமானப்பட்டதில் அவர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

"பர்ஹீன், இந்த மூடிய போட்டோ எடும்மா. நைனாவும் புடிச்சிகினு நிக்கட்டும். பழைய லேபிளே திரும்ப வருதுன்னு போடு."

மறுநாள் விடிவதற்குள் பர்ஹீனின் போனில் படங்கள் குவிந்திருந்தன. புத்தூரிலிருந்து, பள்ளிப்பட்டிலிருந்து, பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் ஊரில் கேட்டு வாங்கி அனுப்பியவை. துருப்பிடித்த மூடி, நீல மூடி, ஒடுங்கிய மூடி. எல்லாவற்றிலும் அதே கோணக் கழுத்து. கீழே, எப்போது வரும் என்ற கேள்வி. நஜீர் தறிக்காரருக்குப் போன் போட்டார், தறியில் புதுப் பாவு நூல் ஏற்றச் சொல்ல.

ரஹிமுன்னிசா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மைசூரில் சிரித்த அதே சிரிப்பு.

"ஆங், இதான் நம்மளுது" என்றாள்.