பேக்கப்பில் இருந்த பல்லிகள்

பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். காகிதத்தில் வரைந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஜரிகை எங்கே வர வேண்டும், பட்டு எங்கே வர வேண்டும் என்று நிறம் கொடுப்பேன். அந்த ஃபைலை வைத்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். அட்டை தறியின் மேலே ஏறினால் கீழே புடவையில் பூ விழும். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டின் முன்னறையையே கடையாக்கிப் பன்னிரண்டு வருடமாக இதைச் செய்துவருகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் எடுப்பேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து ஹார்டு டிஸ்கைச் செருகுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் இத்தனை வருடத்தில் அதிலிருந்து ஒரு ஃபைலைக்கூடத் திருப்பி எடுத்துப் பார்த்ததில்லை. எடுக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாக ஓடுகிறதே என்று பழைய ஃபோல்டர்களைக் கழிக்க உட்கார்ந்தேன். 'பழசு' என்று நானே பெயர் வைத்திருந்த ஒன்றை மொத்தமாக அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிட்டது. எனக்கும் வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு நெசவாளர் வந்தார். நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அவர்கள் மகளுக்கு மாசியில் கல்யாணம். ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்தவர், இந்த ஒரு புடவையை மட்டும் மகளுக்கென்று தறியில் போட்டிருந்தார்.

"முந்தி அட்டைக்கு ஃபைல் குடும்மா. புடவை உடம்பு இன்னும் நாலு முழந்தான் பாக்கி இருக்குது" என்றார்.

தேடினேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தானைக்கான அந்த டிசைன் முடிந்ததும், முடிந்த வேலைதானே என்று நானே அதைத் தூக்கி 'பழசு' ஃபோல்டரில் போட்டிருந்தேன்.

"அண்ணா, அழிச்சிட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "திரும்ப வரைய எத்தினி நாள் ஆவும்?"

"பத்து நாளாவது ஆவும்ணா. ஆனா பேக்கப் இருக்குது."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்கற?"

காரணம் இருந்தது. பேக்கப்பை மொத்தமாகத் திருப்பிப் போட்டால் கம்ப்யூட்டர் போன வெள்ளிக்கிழமை இருந்த நிலைக்குப் போய்விடும். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வேறு இரண்டு பேரின் பார்டர்களை மாற்றி, அதே பெயரில் சேமித்திருந்தேன். அந்த உழைப்பெல்லாம் போய்விடும். அதனால் அந்த ஒரு ஃபைலை மட்டும் தேடி உருவி எடுக்க வேண்டும். பேக்கப் மென்பொருளில் அதற்கென்று ஒரு தேடும் பக்கம் இருந்தது. நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. போதாக்குறைக்கு, ஃபைலுக்கு என்ன பெயர் வைத்தேன் என்பதும் மறந்துவிட்டது.

இன்னொரு காரணத்தை அண்ணாவிடம் சொல்ல முடியவில்லை.

அந்த முந்தியை வரைந்தது அவர் மகள்தான். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, கட்டம் போட்ட நோட்டில் ஒரு மாங்கிளையும் அதில் இரண்டு கிளிகளும் வரைந்திருந்தாள். இலைகளுக்கு நடுவே பார்த்தால் இரண்டு பல்லிகளும் இருந்தன. "நம்ம கோயில் பல்லிங்க அத்த. தங்கத்துல ஒண்ணு, வெள்ளியில ஒண்ணு" என்றாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். கோயிலில் பல்லியைத் தொட்டுக் கும்பிடுவது வேறு, கல்யாணப் பெண்ணின் தோளில் அது ஏறுவது வேறு என்பது அவள் கட்சி. மகள் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அண்ணி மட்டும் தூக்கு நிறைய முறுக்கோடு என் கடைக்கு வந்தாள்.

"பல்லிய மட்டும் எடுத்துடும்மா. அவகிட்ட சொல்லாத. நெய்ஞ்ச பிறகு பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணியை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது, முறுக்கும் நன்றாக இருந்தது. பல்லிகளை மறைத்து அந்த இடத்தில் இலைகளைப் போட்டு, தனி ஃபைலாகச் சேமித்தேன். இப்போது தேடினால் இரண்டும் சேர்ந்துதான் வரும். தனியாக உட்கார்ந்து தேடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அண்ணா வீட்டுக்கு போன் செய்துவிட்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். அரை மணி நேரத்தில் மகளும் பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். என் பின்னால் மூன்று நாற்காலிகள்.

முதலில் பெயரில் 'கிளி' என்று வரும் எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போனது.

"இந்த ஊர்ல கிளி இல்லாத முந்தி ஏது?" என்றார் அண்ணா.

"தேதி போட்டு தேடலாமே அத்த. நான் வரைஞ்ச படத்த உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன் இல்ல, அதுல தேதி இருக்கும்" என்று மகள் தன் போனைத் தடவ ஆரம்பித்தாள். கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த நாளிலிருந்து அந்த மாதக் கடைசிவரை என்று கொடுத்தேன். பட்டியல் ஒரே திரைக்குள் அடங்கிவிட்டது. பார்டர் ஃபைல்கள் சிறியவை, முந்தி ஃபைல்கள் பெரியவை. இந்த அளவுக்கு மேலே இருப்பவை மட்டும் போதும் என்றேன். ஏழு மிஞ்சின. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் நான் மூட்டை கட்டிப் போட்டதெல்லாம் இப்படிக் கேட்டால் கேட்டபடி வந்து நிற்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நான்காவதில் கிளைக்கு நடுவே பல்லிகள் தெரிந்தன.

"இதுதான். எடுத்துடறேன்" என்று அவசரமாகச் சொன்னேன்.

"இருங்கத்த. கடைசியா இருக்கறதுக்குத் தேதி இன்னும் புதுசா இருக்குது. நீங்க சரி பண்ணது அதுவா இருக்கப்போவுது."

அண்ணியின் விரல்கள் என் தோளை அழுத்தின. என்ன செய்வேன், திறந்தேன். அதே மாங்கிளை, அதே கிளிகள், நிறைய இலைகள்.

"அத்த, பல்லி எங்க?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அண்ணாதான் முதலில் சிரித்தார்.

"அன்னிக்குத் தூக்குல முறுக்கு எடுத்துக்கினு போனியே, இதுக்குத்தானா?"

"ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அண்ணி. "சம்பந்தி வீட்ல இன்னா நெனைப்பாங்கன்னு எனக்கு பயமா இருக்காதா?"

மகள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களுக்கு இந்தப் படத்த அப்பவே அனுப்பிட்டேம்மா. அவரோட அம்மா பாத்துட்டு, ரொம்ப அழகா இருக்குது, பல்லிக்குக் கண்ணு வெக்கலியான்னு கேட்டாங்க."

"கண்ணு வெக்கலியா நீ?"

"மறந்துட்டேன்."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, பல்லி இருந்த ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொன்னாள். மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "கண்ணு இல்லாம எப்படிடி? சிவப்புல வெச்சா எடுப்பா இருக்கும்."

"ஒரு கட்டந்தானே, சிவப்புப் பட்ட நான் கையாலயே கோத்துடறேன்" என்றார் அண்ணா.

அந்த ஒரு ஃபைலை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பழைய இடத்தில் வைக்கட்டுமா, வேறு இடத்திலா என்று கம்ப்யூட்டர் கேட்டது. புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து அங்கே வைக்கச் சொன்னேன். அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. மற்ற இரண்டு பேரின் பார்டர்களையும் திறந்து பார்த்தேன். நான் மாற்றியவை மாற்றியபடியே இருந்தன. காலையிலிருந்து முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"என் மேல கோவமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"முறுக்குல எனக்குப் பங்கு குடுக்கலன்னுதான் கோவம்."

முந்தி நெய்த அன்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணா தறியில் இருந்தார். சிவப்பு நூலைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடுக்கும் வேலையை அண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். கண் சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் வராததுமாக முந்தியைப் பிரித்துப் பார்த்தார். சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டியது அண்ணிதான். பெண்ணின் அத்தை செய்ய வேண்டிய முறைக்கு என்னை முன்னால் நிறுத்தி, கையில் ஒரு சீர்த்தட்டைக் கொடுத்துவிட்டார்கள். மேளக்காரர்களுக்குப் பின்னாலேயே மண்டபத்தை மூன்று முறை சுற்றினேன். கால் வலித்தது. தட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.